இத்தாலிக்குச் சென்ற வீராங்கனைகள்

1984 ஜூலையில் டியேகோ மரடோனா நாப்போலிக் கழகத்தில் இணைந்தபோது நான் பாடசாலை மாணவன். பத்திரிகையில் வெளிவந்த அவரது படத்தை வெட்டி அப்பியாசக் கொப்பியில் ஒட்டிவைத்திருந்தேன். அடுத்த மாதம் அதே இத்தாலியில் இன்னொரு வெளிநாட்டவர் இத்தாலியத் தேசிய அணிக்காகவே விளையாடினார் என்பதை அறிய எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் சென்றது. அவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரோஸ் ரைலி. பெண்களுக்கான பீபா உலகக்கிண்ணம் 1991இலேயே ஆரம்பமானது. அதற்கு முன்னர் உலகக்கிண்ணம் போலக் கருதப்பட்ட முண்டியாலிட்டோ போட்டியின் இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனியை 3-1 என வென்ற அணியில் அவர் இருந்தார்.

பிறந்த நாட்டுக்கு விளையாடாமல் ஏன் அங்கு சென்றார்?

இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1921இல் பெண்களுக்குத் தனது மைதானங்களின் கதவை அடைத்தது. அது மீண்டும் திறக்க ஐம்பது வருடங்கள் சென்றன. ஐரோப்பியச் சங்கங்கள் பெண்கள் உதைபந்தாட்டத்தைத் தம் பொறுப்பில் ஏற்பது பற்றி 1971இல் வாக்களித்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஸ்கொட்லாந்து. இத்தாலியிலோ 1968 முதலே பெண்களுக்கான தேசிய லீக் நடைபெற்றது. வர்த்தக நிறுவனங்களின் பணத்தில் கழகங்கள் இயங்கின. அனுசரணையாளர் மாறக் கழகத்தின் பெயரும் மாறும். அக்காலப் புள்ளி அட்டவணைகளைப் பின்தொடர்வது ஆய்வாளருக்குத் தலையிடிதான்.

ரைலி 1973இல் பிரான்ஸின் ரைம்ஸ் கழகத்துக்குச் சென்று, சில மாதங்களில் மிலானை அடைந்தார். 1975இல் அவருக்கும் மிலானில் ஆடிய எட்னா நீலிஸுக்கும் காலவரையறையற்ற தடை விதிக்கப்பட்டது. விதித்தது ஆண்களின் சங்கமல்ல. ஸ்கொட்லாந்துப் பெண்களின் சொந்த உதைபந்தாட்ட அமைப்பே. இதுவே இக்கதையில் என்னை அதிகம் உறுத்துவது. தாய்நாடு கைவிட்டவரை இத்தாலி தன் சீருடை அணிவித்து ஏற்றுக்கொண்டது. ஒரு பருவத்தில் அவர் இத்தாலியின் லெச்சே, பிரான்ஸின் ரைம்ஸ் ஆகிய இரு கழகங்களுக்கும் வார இறுதிகளில் மாறிமாறி ஆடி, இரு நாட்டுச் சம்பியன் பட்டங்களையும் வென்றார்.

அவர் தனியாள் அல்லர். 1971இல் மெக்ஸிக்கோவின் அஸ்டெக்கா மைதானத்தில், சுமார் ஒரு இலட்சம் பேர் முன்னிலையில், மூன்று கோல்களையும் போட்டு டென்மார்க்குக்கு வெற்றி தேடித்தந்த பதினைந்து வயது சுசான் ஒகஸ்டெசனும் பின்னர் இத்தாலிக்கே சென்றார். லீக்கில் எட்டுத் தடவைகள் அதிக கோல்கள் அடித்தவர் அவரே. டப்ளினைச் சேர்ந்த ஆன் ஓ'பிரையன் 1976இல் லாசியோவுக்கு வந்தார். 2016இல் காலமான அவரது பெயரை அயர்லாந்திலேயே பலர் அறிந்திருக்கவில்லை.

இவர்களை வரவேற்ற இத்தாலியும் அந்த லீக்கைத் தொழில்முறையானதாக அங்கீகரித்தது 2022இல்தான்.

2019 மே மாதம், கிளாஸ்கோவின் ஹம்ப்டன் மைதானத்தில், ரைலிக்கு ஸ்கொட்லாந்தின் சர்வதேசத் தொப்பி வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 64. ஸ்கொட்லாந்துப் பெண்கள் அணி தனது முதலாவது சர்வதேச ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது 1972 நவம்பரில். 3-2 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில், கோர்னர் கிக்கை நேரடியாகவே கோலாக்கியவர் ரைலி.