காரப்பொடிக்குள் ஒரு விளக்கு

காசிமேட்டில் மீன் வாங்கியவர்களுக்குக் காரப்பொடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தட்டையான, வழவழப்பான சின்ன வெள்ளி மீன். தெற்கே போனால் காரல். முள் அதிகம், விலை குறைவு. வஞ்சிரம், வவ்வால் வாங்க முடியாத ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் குழம்பு மணத்தது இதனால்தான்.

இந்த ஏழை மீனைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதத் தொடங்கி 250 ஆண்டாகிறது. செங்கடல் பகுதியில் கண்ட ஒரு வகைக்கு ஃபோர்ஸ்கால் 'எக்குலா' என்று பெயரிட்டார். லத்தீனில் பெண் குதிரைக்குட்டி. அவர் ஏமனில் இறந்து 12 ஆண்டு கழித்து, 1775-இல்தான் நூல் அச்சானது. காரப்பொடியின் வாயைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், குழாய்போல் நீளும். குதிரை முகம் வந்துவிடும்.

நம் பக்கத்து மீன்களை எழுதியவர் பிரான்சிஸ் டே. 1639-இல் சென்னைக்கு இடம் பிடித்த டே அல்ல; இவர் 19-ஆம் நூற்றாண்டுக்காரர், மதராஸ் ராணுவ மருத்துவர். 1875 முதல் 1878 வரை வெளிவந்த இவருடைய 'இந்திய மீன்கள்' நூலில் காரல் குடும்பமும் உண்டு.

மீனுக்குள் இருக்கும் விளக்கை விவரித்தவர் ஹார்ம்ஸ் என்ற ஜெர்மானியர், 1928-இல். உணவுக்குழாயைச் சுற்றி ஒரு வளையம். அதற்குள் ஒளிரும் பாக்டீரியாக்கள். 1967-இல் அந்தப் பாக்டீரியாவுக்கே மீனின் பெயரைச் சேர்த்து ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்று வைத்தார்கள். குஞ்சு பொரியும்போது வளையம் காலி. கடல்நீரிலிருந்துதான் பாக்டீரியா வந்து குடியேற வேண்டும். பளபளக்கும் காற்றுப்பை அந்த ஒளியை வயிற்றுப் பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால் கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்குக் காரப்பொடியின் நிழலுருவம் தெரியாது. நாம் இருட்டில் ஒளிவோம். இது விளக்கேற்றி ஒளிகிறது!

வலையிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. அறுபதுகளுக்குப் பின் விசைப்படகுகள் இறாலுக்காகக் கடலடியை வாரத் தொடங்கின. டாலர் இறாலுக்கு, கூடவே வந்த காரப்பொடி 'கழிவு மீன்'. ராமேஸ்வரம் பக்கம் இந்தக் கலவைக்குச் சங்காயம் என்று பெயர். கருவாடு போக மீதி கோழித்தீவனமானது. ஏழைகள் குழம்பு வைக்கும் மீனைக் கழிவு என்று எழுதும் கணக்கு எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் காரப்பொடி கிடைத்தால் வாங்குங்கள். ஆயும்போது குடலோடு சேர்த்துக் கிள்ளி எறிகிறோமே, அதில்தான் அந்த வளையமும் போகிறது.