கழுகுமலைச் சிங்கமும் காணப் புறப்பட்ட ஓவியரும்

கழுகுமலைப் பாறையில் பாண்டியர் காலச் சிற்பிகள் இருவகை விலங்குகளை விட்டுச் சென்றுள்ளனர். ஒன்று அவர்கள் கண்டவை, மற்றொன்று கேட்டவை. வெட்டுவான் கோயில் விமானத்தின்மேல் அமர்ந்திருக்கும் நந்தி முதல்வகையைச் சாரும். மடங்கிய முன்காலும் கழுத்துத் தொங்கலும், கரிசல் உழவன் வீட்டுக் காளையை அன்றாடம் கண்ட கையிலிருந்து வந்தவை. அதே மலையின் சமணப் படிமங்களுள் அம்பிகை இயக்கியின் அருகே ஒரு சிங்கம் நிற்கிறது. அதனைச் செதுக்கியவன் உயிருள்ள சிங்கத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வடபுலத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்த வடிவத்தையே அவன் உளி பின்பற்றியது.

இதனைக் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. படிமக்கலைக்கு வேண்டியது விலங்கின் உடற்கூறு அன்று, அதன் அடையாளமே. எனினும் சங்கப் புலவரின் நெறி வேறாக இருந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். யாளியைக் கேள்வியால் பாடிய அதே மரபு, பாலைத்திணையில் எருவையையும் பாறையும் பாடும்போது நேரில் கண்டவர்க்கே வாய்க்கும் நுட்பத்தைக் காட்டுகிறது. செந்தலையும் பிணம் சூழும் முறையும் ஏட்டறிவால் வருவன அல்ல.

கேள்வி வடிவத்தின் நெடும்பயணம் கழுகுமலைக்கு அருகிலுள்ள கோவில்பட்டியில் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் வாழ்ந்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிப் பின் 1940களில் இவ்வூரில் நிலைகொண்டவர் சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே நாள்காட்டிகளாக இந்தியாவெங்கும் பரவின. அம்மரபின் முருகனுக்குரிய மயிலில் கரிசலின் மயில் தெரிகிறது. தோட்டந்தோறும் திரியும் பறவையல்லவா! துர்க்கையின் சிங்கமோ இன்னும் பாறைச் சிங்கத்தின் உறவினமே. அதன் முகத்தில் ஏறக்குறைய மனிதக் கனிவு படர்ந்திருக்கும். அந்தக் கனிவை விரும்பியே மக்கள் அப்படத்தைப் பூசையறையில் மாட்டினர் என்பதும் மெய்.

காணாததைக் காண ஓவியன் புறப்படும் வழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1620இல் ஜஹாங்கீர் காஷ்மீர் சென்றபோது உஸ்தாத் மன்சூர் உடன்சென்று, நூற்றுக்கு மேற்பட்ட மலர்களை வரைந்தார். மறு ஆண்டு ஆப்பிரிக்காவே அவரிடம் வந்தது. அபிசீனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வரிக்குதிரையைக் கண்டோர், அதன் வரிகளை யாரோ தீட்டியிருப்பர் என ஐயுற்றதாகப் பேரரசர் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். மன்சூர் வரைந்த அவ்வோவியத்தில் ஒவ்வொரு வரியும் இருக்கிறது. நிலம் மட்டும் இல்லை. அவ்விலங்கு எந்தப் புல்வெளியில் எதற்கஞ்சி ஓடுமென்பதை அரண்மனைக் கொட்டடி சொல்லாது.

அந்நிலத்தைத் தேடியதே பின்னாளைய ஆப்பிரிக்கப் பயணம். ‘சஃபாரி’ என்பது சுவாகிலிச் சொல். அதன் வேர் அரபியின் ‘சஃபர்’. கடற்கரை முஸ்லிம்களிடையே பயணத்தைக் குறிக்கும் ‘சபர்’ இதற்கு உடன்பிறப்பே. செருமானிய ஓவியர் வில்ஹெல்ம் கூனர்ட் (1865–1926) 1891இல் முதன்முறையாகக் கிழக்காப்பிரிக்கா சென்றார். விலங்குக் காட்சிச்சாலைச் சிங்கத்தின் சோம்பிய தோள் அவருக்குப் போதவில்லை. சுமைகூலிகள் சூழ நடந்து, களத்திலேயே பென்சிலாலும் எண்ணெய் வண்ணத்தாலும் குறிப்புகள் எடுத்தார். நண்பகல் வெயில் மஞ்சள் புல்லில் சிங்கத்தின் உருவத்தை எவ்வாறு கரைத்துவிடுகிறது என்பதைக் கற்றார். வரைந்தவற்றைச் சுட்டும் வீழ்த்தினார் என்பதை மறைத்தற்கில்லை. துப்பாக்கியும் தூரிகையும் அந்நாளில் ஒரே மூட்டையில் சென்றன.

அவ்விரண்டும் பிரிந்த கதையை ஆங்கில ஓவியர் டேவிட் ஷெப்பர்டின் (1931–2017) வாழ்வில் காணலாம். 1960இல் பிரிட்டிஷ் வான்படையின் அழைப்பில் கிழக்காப்பிரிக்கா சென்றவர், முதலில் வானூர்திகளையே வரைந்துவந்தார். யானையை வரையச் சொன்னவர்கள் படையினர். அப்பயணத்தில், நஞ்சிடப்பட்ட நீர்நிலையைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் மடிந்து கிடக்கக் கண்டார். குறிப்பெடுக்கச் சென்றவர் கடன்பட்டவராய்த் திரும்பினார். 1973இல், இந்தியா புலிகள் திட்டத்தைத் தொடங்கிய அதே ஆண்டில், அவருடைய ‘டைகர் ஃபயர்’ என்னும் புலி ஓவியத்தின் அச்சுப்படிகள் புலிப் பாதுகாப்புக்காக ஏறத்தாழ 1,27,000 பவுண்டு ஈட்டின. இன்று கென்யா, தான்சானியா செல்லும் ஓவியக் குழுக்கள் நிழற்படக் கருவியையும் வரைபுத்தகத்தையும் சேர்த்தே கொண்டுசெல்கின்றன. படம் மயிரிழையையும் காட்டும். ஆனால் விலங்கு அடுத்து எப்பக்கம் திரும்பும் என்பதை, வண்டியில் மணிக்கணக்காய்க் காத்திருந்த கை மட்டுமே அறியும்.

கரிசல் ஓவியனுக்கு இத்தனை தொலைவு வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்திலேயே 1987இல் அமைந்த வல்லநாடு வெளிமான் சரணாலயம் உள்ளது. ஆயின் கழுகை வரைய விழைவோனின் நிலை வேறு. சடாயுவின் தமையன் சம்பாதி முருகனை வழிபட்ட தலம் என்பது கழுகுமலைத் தலமரபு. ஊர்ப்பெயரே அப்பறவையைச் சுமக்கிறது. பிணந்தின்னிப் பாறுகளோ 1990கள் முதல் இந்தியாவெங்கும் அழிந்தன. வெண்முதுகுப் பாறுகள் 2007க்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்தன. மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்ததை 2004இல் ஆய்வாளர் நிறுவினர். 2006இல் அரசு அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது.

தமிழகத்தில் இவ்வினம் இன்று கூடுகட்டி வாழும் முதன்மை இடம், நீலகிரிக்கு வடக்கே முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. எருவையைக் கண்ணால் கண்டு வரையவும் பாடவும் விழையும் கரிசற்காட்டான் மாநிலத்தின் மறுகோடிக்குப் பயணப்படவேண்டும். கூடுகள் இருப்பது புலிகள் காப்பகக் காடு. வனத்துறையின் இசைவின்றி உள்ளே செல்ல இயலாது. கூட்டை நெருங்கினால் பறவை குஞ்சைக் கைவிடக்கூடும். ஆற்றங்கரை நீர்மருதின் உச்சியில் அமர்ந்திருப்பதைத் தொலைநோக்கியால் பார்த்தே வரையவேண்டியிருக்கும்.