மாநிலப் பதிவா, சமஷ்டிப் பதிவா? ஒரு பெயரைக் காப்பாற்றும் கதை

நியூ ஜேர்சியில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள் மிளகாய்த்தூள் பொதிசெய்து விற்கிறார். பொதியில் இருப்பது புதுக்குடியிருப்பில் பெரியப்பா நடத்திய கடையின் பெயர். 2009இல் கடை போய்விட்டது, பெயர்தான் மிச்சம்.

“மாநிலத்தில பதிஞ்சிட்டன், இனிப் பயமில்லை” என்றார் அக்கா. தேடிப் பார்த்தேன். பயம் இருக்கிறது.

அமெரிக்காவில் வர்த்தகக் குறியை இரண்டு இடங்களில் பதியலாம். மாநிலப் பதிவு செலவு குறைந்தது, ஆனால் எல்லையைத் தாண்டாது. சமஷ்டிப் பதிவு (இந்தச் சொல்லை நாங்கள் வேறு காரணத்துக்காகவே கேட்டுப் பழகியவர்கள்) 1946ஆம் ஆண்டின் லான்ஹம் சட்டத்தின்கீழ் நாடு முழுவதற்குமானது. மாநிலங்களுக்கிடையிலோ வெளிநாட்டோடோ வியாபாரம் நடக்கவேண்டும், அல்லது நடத்தும் உண்மையான எண்ணம் இருக்கவேண்டும். இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு பொருள் வகுப்புக்கு 350 டொலர். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போடும் உரிமை இதற்கு மட்டுமே.

இரண்டும் மோதினால்? இலினொய் மாநிலத்தின் மற்றூன் நகரில் ஹூற்ஸ் தம்பதியினர் ‘பேர்கர் கிங்’ என்று ஒரு கடை நடத்தினர். 1959இல் மாநிலத்தில் பதிந்தும் வைத்தனர். புளோரிடாவில் தொடங்கிய பெரிய நிறுவனம் 1961இல்தான் அதே பெயரைச் சமஷ்டி மட்டத்தில் பதிந்தது. வழக்கு மேன்முறையீடு வரை போய் 1968இல் முடிந்தது. இலினொய் முழுவதும் தங்களுக்கே என்ற தம்பதியினரின் வாதம் எடுபடவில்லை. மற்றூனைச் சுற்றி ஏறத்தாழ 20 மைல் மட்டுமே கிடைத்தது. அதையும் காப்பாற்றியது மாநிலச் சான்றிதழ் அல்ல. மற்றவர் பதிவதற்கு முன்பே, அவரைப் பற்றி அறியாமல், நேர்மையாக அந்தப் பெயரில் வியாபாரம் செய்ததுதான். சமஷ்டிப் பதிவுக்குப் பிறகு தொடங்குபவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பமுடியாது.

இலங்கையில் இந்த இரட்டை ஏற்பாடு இல்லை. ஆனால் இதே மயக்கம் இங்கும் உண்டு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தவர்கள் பெயர் தங்களுக்கே சொந்தமென நினைக்கிறார்கள். வர்த்தகக் குறி வேறு. அதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியவேண்டும். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அந்தப் பதிவு அமெரிக்காவில் செல்லாது.

அக்கா இப்போது சமஷ்டிப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். முதலில் பாவித்த திகதி கேட்ட இடத்தில், பெரியப்பா கடை திறந்த 1987ஐ எழுதப் போனாராம். அமெரிக்கச் சந்தையில் பாவித்த நாள்தான் அங்கே உரிமை தரும் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். பென்சில்வேனியாவுக்கு முதல் பொதி விற்ற 2022 மார்ச்சை எழுதிக் கொடுத்திருக்கிறார்.