சுமாகோ

சுமாகோ, ஜப்பானின் நகானோ மாநிலத்தில், கிசோ பள்ளத்தாக்கின் தென்பகுதியில் உள்ள பழைய சத்திர ஊர். நகிசோ நகராட்சிக்கு உட்பட்டது. எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் மலைகளின் ஊடாக இணைத்த, ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளமுள்ள நக்கசெண்டோ பெருவழியில் 69 சத்திர ஊர்கள் இருந்தன. எடோவிலிருந்து எண்ணிவந்தால் சுமாகோ 42-ஆவது.

தொக்குகவா ஆட்சிக்காலத்தில் குறுநில மன்னர்கள் முறைவைத்து எடோவுக்குச் சென்று தங்கியாக வேண்டும். அவர்கள் பரிவாரத்தோடு இரவு தங்க ‘ஹோன்ஜின்’ எனும் தலைமை மாளிகையும், அதற்கு அடுத்த நிலையில் ‘வாக்கி ஹோன்ஜின்’ எனும் துணை மாளிகையும் பெரும்பாலான சத்திர ஊர்களில் இருந்தன. 1861-இல் இளவரசி கஸுனோமியா, ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) இயெமோச்சியை மணக்க, பல ஆயிரம் பேர் புடைசூழ இந்த வழியாகத்தான் எடோ சென்றார்.

தொக்குகவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி காலத்தில் சுமாகோ நொடித்துப்போனது. புதிய சாலை கிசோ ஆற்றங்கரையோடு போனது. 1911-இல் முழுமை பெற்ற சூவோ ரயில் பாதையும் ஊரைத் தொடவில்லை. வருவோர் போவோர் இல்லை, வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை. மற்ற ஊர்களில் மறைந்துபோன பழைய தெரு இங்கே அப்படியே நின்றதற்கு முதல் காரணம் இந்த வறுமைதான்.

இரண்டாவது காரணம் ஊராரின் உறுதி. 1968-இல் வீடுகளைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. 1971-இல் ஊர்மக்கள் கூடி, வீட்டையும் நிலத்தையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று சாசனம் எழுதிக்கொண்டார்கள். 1976-இல் ஜப்பான் அரசு முதன்முதலில் அறிவித்த மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதிகளில் சுமாகோவும் இடம்பெற்றது. பாதுகாக்கப்படும் பரப்பு சுமார் 1,245 ஹெக்டேர். தெருவோடு அதைச் சூழ்ந்த காடும் மலையும் இதில் அடக்கம். காட்டையும் மலையையும் சேர்த்துக்கொண்ட இந்த முடிவுதான் மிகச் சிறந்தது. மலை மொட்டையாகியிருந்தால் வீடுகள் வெறும் காட்சிப்பொருளாகியிருக்கும். மின்கம்பிகள் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டுள்ளன. பகலில் தெருவுக்குள் வண்டிகளுக்கு இடமில்லை.

ஊரில் தவறாமல் பார்க்க வேண்டியது வாக்கி ஹோன்ஜினான ‘ஒகுயா’. கிசோவின் ஹினோக்கி எனும் சைப்ரஸ் வகை மரத்தை மக்கள் வெட்ட தொக்குகவா காலத்தில் தடை இருந்தது; மீறினால் ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பார்கள். தடை நீங்கிய பின், 1877-இல் இந்த வீடு ஹினோக்கியாலேயே மறுபடி கட்டப்பட்டது. கூடத்தின் நடுவே தரையில் பதித்த கணப்பு எரிகிறது. அதன் புகை பல தலைமுறைகளாக ஏறி உத்தரங்களைக் கறுக்க வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் வெயில் சாய்ந்து விழும்போது, சாளரக் கம்பிகளின் நிழல் புகையினூடே கோடுகோடாகத் தரைவரை இறங்கும். எதிரே உள்ள ஹோன்ஜின் மெய்ஜி காலத்தில் இடிக்கப்பட்டு, 1995-இல் திரும்பக் கட்டப்பட்டது. எழுத்தாளர் ஷிமசாக்கி தோசோனின் தாய் பிறந்த வீடு அது.

தோசோன் பிறந்த மகோமே அடுத்த சத்திர ஊர். 1895-இலும் 1915-இலும் தீக்கிரையானதால் அங்குள்ள வீடுகள் பிற்காலத்தவை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் நடைவழி. நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். சுமார் 800 மீட்டர் உயரத்தில் மகோமே கணவாய் வருகிறது. மகோமேயிலிருந்து கிளம்பினால் ஏற்றம் குறைவு, பிறகு இறக்கம்தான். கல் பாவிய பாதை, ஊசியிலை மரங்களின் காடு, ஆண் அருவி பெண் அருவி என்றழைக்கப்படும் இரட்டை அருவி, வழிப்போக்கருக்குத் தேநீர் தரும் பழைய வீடு என்று வழி நீள்கிறது. ஆங்காங்கே மணிகள் தொங்குகின்றன. கரடி விலகிப் போவதற்காக அவற்றை அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். வழியில் கிடைக்கும் தின்பண்டம் ‘கோஹேய் மோச்சி’: மசித்த சோற்றைக் குச்சியில் பிடித்து, வால்நட் கலந்த மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) குழம்பு தடவித் தணலில் வாட்டியது.

நகோயாவிலிருந்து ரயிலில் நகிசோ வந்து, அங்கிருந்து பேருந்தில் பத்து நிமிடத்தில் சுமாகோவை அடையலாம். மாலையில் கடைகள் சீக்கிரமே அடைக்கப்படுகின்றன. குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் முன்கூட்டியே இடம் சொல்லிவைத்து ஓர் இரவு தங்குவது நல்லது. இங்குள்ள வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். திறந்திருக்கும் கடை, விடுதி, அருங்காட்சியகம் தவிர மற்ற வாசல்களுக்குள் எட்டிப்பார்க்காமல் நடக்கவும்.