‘வயப்பட்டிருக்கும்போது’: கார் காப்பீட்டுப் பத்திரத்து ஒரு விதிக்கு விளக்கவுரை

மூலம்:

காப்பீடு பெற்றவரேனும், அவர் அறிவோடும் இசைவோடும் வண்டியை ஓட்டும் எவரேனும், வெறிதரு மதுவின் அல்லது போதைமருந்தின் வயப்பட்டிருக்கும்போது நேரும் விபத்திழப்பும் சேதமும் குறித்து நிறுவனம் யாதொரு தொகையும் கொடுக்கக் கடவதன்று.

உரை:

இது தனியார் கார்ப் பத்திரத்தின் முதற்பிரிவில் மூன்றாவதாக நிற்கும் விலக்கு. 2002-இல் நாடு முழுமைக்கும் பொதுவாக வகுத்த மோட்டார் டாரிஃபின்வழி வந்த ஆங்கில வாசகம், பொருள் சிதையாது ஈண்டுத் தமிழாக்கப்பட்டது. ஆரல்வாய்மொழி தொடங்கிக் களியக்காவிளை ஈறாக உள்ள நம் மாவட்டத்தில் கார் வாங்குவோர், ‘ஃபுல் கவர் போட்டாச்சு’ என்று சொல்லிப் பத்திரத்தை மடித்து டாஷ்போர்டினுள் வைப்பர். ஃபுல் என்னும் அச்சொல் பத்திரத்தின்கண் யாண்டும் இல்லை. உள்ளது இவ்வாசகம். ஆதலின் இதனைச் சொல்தோறும் ஓதி உணர்தல் கற்பார்க்குக் கடன்.

இவ்விதி நிற்கும் இடம் முன்னர் அறியற்பாற்று. பத்திரத்தின் முதற்பிரிவு வண்டிக்கு நேரும் சேதம் பற்றியது. இரண்டாம் பிரிவு வழியிற் செல்லும் பிறர்க்கு நேரும் கேடு பற்றியது. மூன்றாம் பிரிவு ஓட்டும் உரிமையாளர்தம் உயிரும் உறுப்பும் பற்றியது. ஒர்க்‌ஷாப்பில் ஓ.டி., டி.பி., பி.ஏ. என வழங்குவன இவையே. நம் விதி முதற்பிரிவுக்கு உரியது. மூன்றாம் பிரிவு தனக்கென வேறொரு மதுவிலக்கு உடைத்து. இரண்டாம் பிரிவு அவ்வாறு ஒன்று உடைத்தன்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க. இதன் பயன் இறுதிக்கண் விளங்கும்.

முதற்பிரிவினுள்ளும் வைப்புமுறை நோக்கத்தக்கது. முதல் விலக்கு தேய்மானம், எந்திரப் பழுது முதலாயின. அவை காலத்தின் செயல், ஒருவர் குற்றம் அல்ல. இரண்டாவது டயரும் டியூபும். அவை வண்டியோடு சேர்ந்து சிதைந்தவழிப் பாதி விலை கொடுக்கப்படும். மூன்றாவது மது, இதற்குப் பாதியும் இல்லை. டயருக்குக் காட்டிய இரக்கத்தைக் குடித்தவனுக்குக் காட்டாமை நூலின் கருத்தென்க.

‘காப்பீடு பெற்றவரேனும்... ஓட்டும் எவரேனும்’ என்பது:

முன்னது பத்திரத்தில் பெயருடையவர். பின்னது மகன், மைத்துனன், நண்பன், கூலிக்கு வந்த ஆக்டிங் டிரைவர் யாவரையும் தழுவும். பத்திரம் என் பெயரில், குடித்தவன் வேறொருவன் என்று விலகி நிற்றற்கு இடமின்மை ‘எவரேனும்’ என்றதனாற் பெற்றாம்.

ஈண்டு ஒரு வழக்கம் கண்டிக்கப்பட வேண்டுவது. விபத்து நேர்ந்தபின், குடித்து ஓட்டியவனை வீட்டுக்கு அனுப்பி, குடியாத ஒருவனைக் காரருகே நிறுத்தி, க்ளெயிம் ஃபாரத்தில் ஓட்டியவர் என்னும் கட்டத்தில் அவன் பெயரும் லைசென்ஸ் எண்ணும் எழுதுவர். ஊரார் இதனை ‘ஆளை மாத்திக் குடுத்தாச்சு’ என்று சாதாரணமாகச் சொல்வர். எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயரும், காயம்பட்டு மருத்துவமனை சென்றவன் வேறொருவனுமாக நின்றால் சர்வேயர் அறியாது போவாரோ? ஸ்டியரிங் இடித்த நெஞ்சு ஒருவனதாகவும், ஃபாரத்தில் உள்ள கையெழுத்து மற்றவனதாகவும் இருப்பின், மது நிறுவப்படாத இடத்தும் பொய் நிறுவப்படும். பொய் வேறு விதியின்கீழ் முழுக் க்ளெயிமையும் அழிக்கும். போலீசார்முன் சொன்ன பொய் வேறொரு வழக்கும் ஆகும்.

‘அவர் அறிவோடும் இசைவோடும்’ என்பது:

ஓடு ஈண்டு உடனிகழ்ச்சிப் பொருட்டு. உம் இரண்டும் எண்ணும்மை. ஆகலின் இரண்டும் வேண்டும். எதனை அறிதல், எதற்கு இசைதல் எனின், இவை ‘ஓட்டும்’ என்பதனொடு முடியும். ‘வயப்பட்டிருக்கும்’ என்பதனொடு முடியா. இது நுண்ணிதின் உணரற்பாற்று.

சாத்தன் காரை, சுசீந்திரத்துக் கல்யாண வீட்டிலிருந்து பெண்டுகளை வடசேரியில் இறக்கிவர, கொற்றன் சாவி வாங்கிச் சென்றான். இறக்கியபின் கொற்றன் குடித்தான். திரும்பும் வழியிற் பாலத்துக் கைப்பிடியில் மோதினான். ‘அவன் குடிப்பான்னு எனக்குத் தெரியாது சார்’ என்று சாத்தன் முறையிடுவான். மெய்யே ஆயினும் பயனில்லை. ஓட்டுதலை அறிந்தான், ஓட்டுதற்கு இசைந்தான். விதி கேட்பது அவ்வளவே. இனி, ஆணியில் மாட்டிய சாவியைச் சாத்தன் உறங்குங்கால் ஒருவன் கேளாது எடுத்துச் சென்று மோதினான் எனின், அறிவும் இசைவும் இன்மையின் இவ்விதி சாராது. அங்குப் பேச வேண்டுவன வேறு விதிகள்.

‘வெறிதரு மதுவின் அல்லது போதைமருந்தின்’ என்பது:

வெறிதரு என்பது செஞ்ஞாயிறு என்புழிப்போல இனஞ்சுட்டா அடை. வெறி தாராத மது என ஒன்று இன்மையின். பீர் மது அன்று என்பார் உளர். அவரோடு வழக்கிடுதல் நம் பணி அன்று. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடைப்பட்டுள்ளது; களியக்காவிளை கடந்தால் கேரளத்துக் கள்ளுக்கடை உண்டு. அக்கரையில் விலக்கின்றிக் குடித்த கள்ளும் இக்கரையில் மோதும்போது இவ்விதிக்கு மதுவே. கடையின் உரிமம் ஓட்டியின் தெளிவுக்குச் சான்றாகாது.

‘வயப்பட்டிருக்கும்’ என்பது:

இவ்விதியின் உயிர் இச்சொல். நூல் ‘குடித்திருக்கும்’ என்னாது ‘வயப்பட்டிருக்கும்’ என்றது. வயப்படுதலாவது தன்வயம் இழந்து பிறிதொன்றன் வயத்ததாதல்: கண் ஒன்றைக் காணக் கால் பிரேக்கைப் பிந்தி மிதிப்பது. இச்சொல்லை ஓதாமையின் இருவகைப் பிழை நாட்டில் நடக்கின்றது.

ஒரு சாரார், வாயில் நெடி இருந்தாலே க்ளெயிம் போயிற்று என்பர். அஃதன்று, நெடி குடித்தமைக்குச் சான்று, வயப்பட்டமைக்குத் தானே முடிந்த சான்று அன்று. மருத்துவர்களும் இவ்வேறுபாட்டை அறிவர். குடித்தவரைச் சோதித்துத் தரும் சான்றிதழில் குடிக்கவில்லை என்பதும், குடித்துள்ளார் ஆயினும் வயப்படவில்லை என்பதும், குடித்து வயப்பட்டுள்ளார் என்பதும் என மூவகை முடிபு எழுதுதல் மரபு. பேச்சுக் குழறுகின்றதா, கண்மணி விரிந்துள்ளதா, நேர்கோட்டில் நடக்கின்றாரா என ஒவ்வொன்றும் நோக்கியே அம்முடிபு எழுதப்படும். பத்திரத்தின் சொல்லும் மருத்துவரின் சொல்லும் ஒன்றாதல் காண்க.

மற்றொரு சாரார், ‘ஒரு குவாட்டர்தானே, முப்பதைத் தாண்டாது, தாண்டினாலும் ஊதச் சொல்ல ஆளில்லை, ஆகவே நிறுவனம் ஒன்றும் செய்ய இயலாது’ என்பர். முப்பது என்றது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆம் பிரிவை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருத்தல் குற்றம் என்பது அது. முதற்குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குவாட்டர் என்பது 180 மில்லி. அது முப்பதைத் தாண்டாது என்பது குடித்தவன் கணக்கே அன்றி மருத்துவர் கணக்கு அன்று. அது நிற்க. அவ்வளவு குற்றவியலுக்கு உரியது. பத்திரத்துக்கு உரியதோ எனின், அன்று. இதனை உச்சநீதிமன்றமே உரைத்தது.

2007 டிசம்பர் 22-ஆம் நாள் பின்னிரவில், தில்லி இந்தியா கேட் அருகே போர்ஷே கார் ஒன்று நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றிச் சிதைந்தது. கார் பேர்ல் பெவரேஜஸ் என்னும் நிறுவனத்துடையது. காப்பீடு இஃப்கோ டோக்கியோவினது. ஓட்டியவரிடம் மது நெடி இருந்ததென மருத்துவக் குறிப்புக் கூறிற்று. இரத்தத்தில் அளவு இத்துணை என்று காட்டும் சோதனை முடிபு இல்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் காருடையவர் பக்கம் தீர்த்தது. 2021 ஏப்ரல் 12-ஆம் நாள் நீதிபதிகள் யு.யு. லலித், இந்திரா பானர்ஜி, கே.எம். ஜோசப் ஆகியோர் அத்தீர்ப்பை நீக்கி, மறுத்தது செல்லும் என்றனர். 30 மில்லிகிராமைத் தாண்டியதெனக் காட்டினாலன்றி இவ்விதியைச் சொல்லலாகாது என்பதில்லை. ஊதும் கருவியோ வேறு சோதனையோ நடவாதவிடத்தும் நிறுவனம் பிற சான்றால் வயப்பட்டமையை நிறுவலாம் என்பது அவர்தம் கருத்து. நெடியை மட்டும் அவர் கொண்டிலர். வண்டி நடமாட்டம் அருகிய நேரம், அகன்ற சாலை, குறுக்கே வந்தது யாதும் இன்மை, மோதிய விசை இவற்றை நெடியோடு சேர்த்தே முடிபு செய்தனர்.

ஆகவே, நெடி மட்டும் போதாது. அளவு எண் இன்றியமையாததும் அன்று. இவ்விரண்டற்கும் இடையில் நிற்பது ‘வயப்பட்டிருக்கும்’ என்னும் சொல்.

இதன் பயனை நம்மூரில் வைத்துக் காண்க. குழித்துறைப் பக்கம் இரவு மோதியவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொணர்ந்தால், பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் சில வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று வக்கீல் குமாஸ்தாக்கள் தேடி அலைவது அதனையே. அதில் மது நெடி என்னும் இரண்டு சொல் உண்டா இல்லையா என்பதே பல லட்ச ரூபாய்க் க்ளெயிமில் முதற்கேள்வி. ஓட்டியவர் கைதாயின் இரண்டு மணிநேரத்துக்குள் மருத்துவச் சோதனை நடத்தல் வேண்டும் என்பது சட்டம். காலம் தாழ்த்தினால் 100 மில்லி இரத்தத்து மது மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் குறைந்துகொண்டே போகும். எண் கரையும், ஏ.ஆர். காப்பியின் எழுத்துக் கரையாது.

‘போது’ என்பது:

காலங் குறித்த சொல். ‘மதுவால் நேரும்’ என்று மூன்றாம் வேற்றுமைக் கருவிப்பொருளிற் கூறாது, ‘வயப்பட்டிருக்கும்போது நேரும்’ என்றது. ஆகவே, குறுக்கே மாடு வந்தது, எதிரே வந்தவன் லைட்டைத் தணிக்கவில்லை, தவறு என்மேல் இல்லை என்னும் வாதம் வாசகத்தின் எழுத்துக்குமுன் எளிதில் நில்லாது. அற்றேல் நிறுத்திவிட்டுப் பின்னிருக்கையில் உறங்குபவனது காரை லாரி வந்து இடித்தவழியும் இவ்விதி சாருமோ எனின், சாராது, ‘ஓட்டும்’ என்றாராகலின். உறங்கினவன் அன்று ஓட்டியிலன்.

‘யாதொரு தொகையும் கொடுக்கக் கடவதன்று’ என்பது:

கடவதன்று என்று நிறுவனம் சொல்லிவிட்டால் போதுமோ எனின், போதாது. விலக்கை எடுத்துச் சொல்பவரே அதனை மெய்ப்பிக்கக் கடவர் என்பது காப்பீட்டு வழக்குகளில் நிலைபெற்ற நெறி. தான் குடிக்கவில்லை எனக் காட்டும் சுமை முதற்கண் காருடையவர்மேல் விழுவதன்று. மறுப்புக் கடிதம் வந்தால் அதில் எந்தச் சான்று காட்டப்பட்டது என்று நோக்குக: ஏ.ஆர். காப்பியோ, எஃப்.ஐ.ஆரோ, 185-ஆம் பிரிவில் தண்டனையோ, வெறும் ஐயமோ. வெறும் ஐயமாயின் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். சென்னைக் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மெய்யாகவே வயப்பட்டு ஓட்டியவர் இவ்விரண்டிடத்தும் காலத்தைச் செலவழித்தல் வீண்.

இனி, முன்னர் மனத்திற் கொள்ளச் சொன்னது.

குடித்தவன் காரால் அடிபட்டு இறந்தவர் வீட்டார், ‘ஓட்டினவன் குடிச்சிருந்தான், அதனால இன்சூரன்ஸ் கிடையாதாம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கையில் கொடுத்த சிறு தொகைக்குச் சமாதானம் எழுதிக்கொடுப்பர். இது வாசகத்தை இடம் மாற்றி ஓதிய பிழை. இவ்விதி முதற்பிரிவினது, இவர்கள் உரிமை இரண்டாம் பிரிவினது. கார்ச் சொந்தக்காரனை நோக்கி நீட்டிய மறுப்பைப் பிணத்தின் முன் நிற்பவரை நோக்கித் திருப்புதல் நூற்கருத்து அன்று.

அற்றேல் சட்டம் மாறியதே எனின், மாறியது மெய். 2019-இன் திருத்தம், 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அளவில், 150-ஆம் பிரிவில் நிறுவனம் எடுத்துரைக்கத்தக்க எதிர்வாதங்களுள் 185-இற் சொன்ன மதுவோட்டலையும் வைத்தது. ஈண்டு வேண்டுவது அப்பிரிவின் அளவு; ‘வயப்பட்டிருக்கும்’ என்னும் நம் வாசகத்தின் நெகிழ்ச்சி இதற்கு இல்லை. அடிபட்டவர்க்கு முதலில் நிறுவனம் கொடுக்க, பின்னர்க் காருடையவரிடம் வசூலித்துக்கொள்க எனக் கேரள உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஒரு மதுவோட்டு வழக்கில் தீர்த்தது. அவ்விபத்து பழைய சட்டத்துக் காலத்தது. எனினும் அந்நெறி தமிழ்நாட்டு வழக்குகளிலும் எடுத்துக்காட்டப்படுகின்றது. சாத்தன் தன் வண்டிக்குப் பெறாது போவதோடு, இறந்தவர்க்கு நிறுவனம் கொடுத்ததைத் தானே திருப்பிக் கட்டவும் நேரும். அவன் வீட்டுப் பத்திரமும் தோப்பும் அதற்கு ஈடாகலாம்.

ஆகலின் அடிபட்டவர் வீட்டார் எவர் சொல்லுக்கும் செவிகொடாது, எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, எதிர்வண்டியின் பாலிசி எண் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்க. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் முன் மனுக் கொடுத்தற்கு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் எழுதப்பட்டுள்ள காலம், விபத்து நடந்த நாள் தொட்டு ஆறு மாதம்.