குமுளி ஏறிப் போன ஆசை

கடற்கரையும் சூதாட்ட அரங்கும் ஒரே பயணத்தில் என்று இப்போது கொழும்புக்கும் மக்காவ் நகருக்கும் ஆள் சேர்க்கிறார்கள். கம்பத்துக்காரர்களான எங்களுக்கு எட்டிய வெளித்தேசம் கேரள எல்லையிலுள்ள குமுளிதான்.

அப்பாவுக்குச் சுருளிப்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. அறுவடைக் காசு வந்த மறுநாளே எங்களைக் கூட்டிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாக மலையேறுவார். முதலில் தேக்கடிப் படகு. 1895-இல் பெரியாறு அணை கட்டியதால் தேங்கிய ஏரி அது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்தத் தண்ணீர்தான் எங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. படகேறும் முன் கரையில் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கும்பிடுவார். அணையைக் கட்டிய பென்னிகுவிக் பெயரைச் சொல்லாமல் ஏறவே மாட்டார்.

திரும்பும்போது லாட்டரி. தமிழக அரசும் 1968-இல் பரிசுச்சீட்டு விற்கத் தொடங்கியதுதான். கம்பம் கடைத்தெருவிலேயே வாங்கிய காலம் உண்டு. 2003-இல் தடை வந்தது. அது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன். வாரக்கூலியை அப்படியே சீட்டில் விட்ட வீடுகள் எங்கள் தெருவில் இருந்தன, அந்தப் பிள்ளைகள் என்னோடு படித்தவர்கள். கேரளத்திலோ 1967-இல் தொடங்கிய அரசு லாட்டரி நிற்கவில்லை. அதன்பின் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சீட்டு என்பதே ஒரு மலைப்பயணமாகிவிட்டது.

அப்பா ஒரே ஒரு சீட்டுதான் எடுப்பார். அதை மீனாட்சி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். ஒருமுறை ஐந்நூறு ரூபாய் விழுந்தது. அந்தக் காசில் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி வாங்கினார்.