வில்லன்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

தமிழ்த் திரைப்பட இரசிகர் எவருக்கும் ‘வில்லன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளை விளக்கவேண்டியதில்லை. கதாநாயகனுக்கு இடர் விளைவிக்கும் கொடியவனே வில்லன். ஆயின், இச்சொல் ஆதியிற் சுட்டியது கொடியவனை அன்று, நிலத்தில் உழைத்தவனையே.

இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்பது நாட்டுப்புறப் பண்ணை வீட்டைக் குறித்தது. அப்பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த உழைப்பாளியைக் குறிக்க அதனடியாகப் பிறந்த சொல், பழைய பிரெஞ்சு மொழியில் ‘விலேன்’ எனத் திரிந்தது. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அது ஆங்கிலத்தினுட் புகுந்தது. 1086 ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டிற் பதிவு செய்யப்பெற்றோருள் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கினர் இவ்வகுப்பினரே.

நிலமானிய முறை இறுகியபோது சட்டம் இவர்களைப் பண்ணையோடு பிணைத்தது. பிரபுவின் நிலத்தில் இவர்கள் ஊதியமின்றி உழைத்தனர். மகளை மணஞ்செய்து கொடுப்பதற்கும் பிரபுவுக்குப் பணஞ் செலுத்தினர். தம் நிலத்தின் பொருட்டுப் பிரபுவுக்கு எதிராக அரச நீதிமன்றில் வழக்காடும் உரிமையும் இவர்களுக்கு இருக்கவில்லை. 1381 இல் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். யூன் 14 இல், பதினான்கு வயதினனான இரண்டாம் றிச்சார்ட் மன்னன், இவ்வடிமை நிலையை ஒழிப்பதாக மைல் என்ட் என்னுமிடத்தில் வாக்களித்தான். மறுநாள் கிளர்ச்சித் தலைவனான வற் ரைலர் கொல்லப்பட்டான். மன்னனின் வாக்குறுதிகளும் விரைவில் மீளப்பெறப்பட்டன.

இதற்கிடையிற் சொல்லின் பொருளும் தாழ்ந்தது. அரசவைப் பண்பாட்டினர் தமக்கே நாகரிகம் உரியதெனக் கருதினர். உழவனை முரடனாகவும் இழிகுணத்தோனாகவும் நோக்கினர். இந்நோக்கே நாளடைவிற் சொல்லின் பொருளாயிற்று. நிலத்தோடு பிணைந்த அடிமை நிலை 16 ஆம் நூற்றாண்டளவில் பெரிதும் மறைந்துவிட்டது. வசைப்பொருள் மட்டும் எஞ்சியது. 19 ஆம் நூற்றாண்டில் அது நாடகம், நாவல் ஆகியவற்றின் கொடிய பாத்திரத்துக்குரிய பெயராக நிலைபெற்றது.

இம்மாற்றம் தனித்த நிகழ்ச்சியன்று. சிறுவனைக் குறித்த ‘நேவ்’ என்னும் சொல், பணியாளனைச் சுட்டிப் பின்னர் அயோக்கியனைச் சுட்டலாயிற்று. மறுதலையாக, உயர்குடிப் பிறப்பைக் குறித்த ‘நோபிள்’, ‘ஜென்டில்’ ஆகியன நற்பண்புகளின் பெயர்களாயின. உழைப்போனின் பெயர் வசையாகவும் உடையோனின் பெயர் புகழாகவும் மாறியமை தற்செயலன்று. எழுத்தும் ஏடும் எவர் கையில் இருந்தனவோ, அவர்தம் தீர்ப்பே அகராதியிற் பொருளாகப் பதிந்தது. ஆதலின், சொல்லின் வரலாற்றை ஆராய்வோர் அதனை வழங்கியோரின் சமூக நிலையையும் ஆராய்தல் இன்றியமையாததாகும்.